சான்றுப் பொருள் ஒன்று

மூடியைக் கழுவிடாதே என்று சொன்னது
டாக்டர் இல்லை, போலீஸ் இல்லை.
ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே
தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஜெபமணி அக்கா.
அப்படியே வைத்திருந்தேன்,
பருப்பு காய்ந்து ஒட்டிய மூடி,
மஞ்சள் மாறாத குக்கர்,
உரச்சாக்கில் கட்டி, கட்டிலுக்கடியில்.

கடைக்காரர் நாலாம் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்தார்,
அரை டஜன் ஆரஞ்சோடு.
"பழசைக் குடுத்துரும்மா, புதுசு தாரேன்.
அஞ்சு லிட்டருக்கு ஏழரையாவே தாரேன்."
கழுத்தெல்லாம் களிம்பு.
வாய் திறந்தால் தோல் இழுக்கும்.
அதனால்தான் சரி என்று சொல்லவில்லை.
வேறு புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

அக்கா கேட்டதெல்லாம் காகிதம்.
பில் இருந்தது, எழுத்து மங்கி வெள்ளைத் தாளாக.
வாரண்டி அட்டை இருந்தது, கடை முத்திரை இல்லாமல்.
டிஸ்சார்ஜ் சீட்டில் பதினான்கு விழுக்காடு.
நூற்றுக்குப் பதினான்கு வெந்ததாம்.
மிச்சம் எண்பத்தாறும்
பக்கத்துப் படுக்கைக்காரி மாதிரி
விடிய விடிய முழித்துக் கிடந்தது.

"ரெண்டு வருசத்துக்குள்ள மனுப் போடணும்.
வக்கீல் வைக்கலாம், இல்லாட்டி நீயே பேசலாம்.
வித்தவனும் எதிர்தரப்பு, செஞ்சவனும் எதிர்தரப்பு."
அதுவரை விரல் நிற்காமல் அடித்தாள்.
"மாச வருமானம்?" என்றதும் நின்றது.

கடல் ரசீது கொடுப்பதில்லை.
மாசத்தில் பன்னிரண்டு நாள்
விரலுக்குத் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி
முங்கி முங்கிப் பாசி எடுக்கிறவள் நான்.
"எந்த எடத்துல எடுப்பேன்னு போடவா?"
வேணாம்க்கா, கடல்னு மட்டும் போடுங்க.

வெந்த தோல் உப்புத் தண்ணிக்கு ஆகாது.
ஒன்பது மாசம் கரையில் நின்று
மற்றவர்கள் வத்தை ஏறுவதைப் பார்த்தேனே,
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

கம்பெனி பதில் பதினோரு பக்கம் வந்தது.
இங்கிலீஷை அக்கா தமிழாக்கிப் படித்தாள்:
மனுதாரர் கடலோரத்தில் வசிப்பவர்.
உப்புக் காற்றில் வால்வு அரித்துப் போயிருக்கலாம்.
இது பொருளின் குறையல்ல.

விசாரணை நாளில் எழுந்து நின்றேன்.
சட்டத்தில் எத்தனையாவது பிரிவு என்று தெரியாது.
ஐயா, கடை கீழக்கரையில் இருக்கு,
கடலுக்கு நாலு தெரு தள்ளி.
இந்தக் காத்து கடைக்குள்ளயும்தான் அடிக்குது.
பேர் என்ன, அங்காளேஸ்வரி.
ஊர் எது, களிமண்குண்டு.
எழுதிக்கிட்ட கையே
இது அந்த ஊருக்கு ஆகாதுன்னு
ஒரு வரி எழுதியிருக்கலாமே?

கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார்.
மேடையில் இருந்த அம்மா
"மறுபடி சொல்லுங்க, பதிவு பண்ணணும்" என்றார்.
மறுபடி சொன்னபோது அவ்வளவு நன்றாக வரவில்லை.

குக்கரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப உத்தரவு.
சாக்கை அவிழ்த்தார்கள்.
மூக்கைப் பொத்தினார் ஒருவர்.
வெள்ளைத் துணி சுற்றி, முடிச்சுப் போட்டு,
மெழுகுவத்தியில் அரக்கை உருக்கினார்கள்.
என்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனேன்,
நாற்காலி இடித்து நின்றேன்.
இதையும் எழுதிக்கிடுங்க என்று சொல்ல நினைத்தேன்.
அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்,
யாரோ ஒருவர், வாட்டர் ஹீட்டர்,
முழங்கை வரை கட்டு.

ராத்திரி கட்டிலுக்கடியில் கை விட்டேன்.
தரை சில்லென்று இருந்தது.
எலி வந்து மோந்துவிட்டுப் போகும் இனி, ஒன்றுமில்லை.

அடுத்த வாய்தா
அமாவாசை கழிந்து நாலாம் நாள்.
நல்ல பாசி நாள் அது.
பஸ்ஸுக்கு எழுபது ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.