ஐந்தாவது தந்தி

கொட்டாஞ்சேனைப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்
எனக்குப் பதினேழாம் நம்பர்.
வேறு யாருடையதோ ஒரு கன்னத்தை
இரவல் வாங்கி வந்தவன் போல
வலப்பக்கம் வீங்கி இருந்தேன்.

எதிர்ச் சுவரில் அவர்.
மூடிய வாய், கை நீண்ட கோட்டு,
தாடைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு பிடில்.
பின்னால் திரைச்சீலையில் பனிமலை, ஏரி,
ஏரியில் பாய் விரித்த வெள்ளைப் படகு.
கீழே, வெறுங்கால்.

பல்லுக்கொதிக்கு எண்ணுவது நல்லது.
சீலிங் பலகைகளை எண்ணினேன்.
மிஸ்ஸின் மேசை மருந்துப் போத்தல்களை எண்ணினேன்.
பிறகு தந்திகளை.
ஐந்து.

கிட்டப் போனேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது.
துடைத்துவிட்டு எண்ணினேன்.
பிரடை நாலு,
தந்தி ஐந்து.

"எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது"
என்றாள் மிஸ், தலை நிமிராமல்.
தேக்குச் சட்டம் என்று டாக்டர் வாங்கினாராம்,
தன் பட்டச் சான்றிதழைப் போட.
பின் பலகையைக் கழற்றினால்
உள்ளே இரண்டு துண்டுக் காகிதம்.
வாசித்த பிறகு படத்தை எடுக்க மனம் வரவில்லை.
சான்றிதழ் இன்னும் அலுமாரிக்குள்.

ஒன்று செட்டியார் தெரு அடகுச் சீட்டு.
மு. சந்தியாப்பிள்ளை. பிடில் ஒன்று, வில்லுடன். ரூபாய் நாலு.
மற்றது மெயின் வீதி ஸ்டூடியோ ரசீது.
படம் ஒன்று, ரூபாய் மூன்றரை.
தந்தி வரைந்த கூலி, ஐம்பது சதம்.
இரண்டிலும் ஒரே திகதி, 1912 ஆடி.

பிடிலை அடகு வைத்துப்
பிடிலோடு படம் எடுத்த மனிசன்!
சிரிக்கப் போனேன்,
பல் விடவில்லை.

கையில் இருப்பது ஸ்டூடியோச் சாமான்.
துரைமார் பிள்ளைகள் பிடித்துப் பிடித்து
தந்தியெல்லாம் எப்போதோ அறுந்த கட்டை.
பென்சிலைக் கூராக்கிக்
கண்ணாடித் தகட்டில் கோடு இழுத்த பையனுக்கு
பிடிலுக்கு எத்தனை என்று யார் சொன்னது?
நல்ல கை. ஒரு கோடும் நடுங்கவில்லை.
தந்திக்குப் பத்துச் சதம் என்று
கணக்குப் பார்த்தானோ என்னவோ.

யாருக்குக் காட்ட எடுத்த படம்?
பெண் வீட்டாருக்கு என்றாள் மிஸ்.
சிங்கப்பூர் நாடகக் கொம்பனிக்கு என்பாராம் டாக்டர்.
எனக்கு இவ்வளவுதான் தெரியும்:
படம் இங்கே இருக்கிறது, அது போகவில்லை.
சீட்டும் இங்கே இருக்கிறது.
மீட்டிருந்தால் சீட்டைச் செட்டியார் வாங்கியிருப்பார்.

பதினேழு!

விறைப்பு ஊசி. முகத்துக்கு நேரே வெள்ளை விளக்கு.
"அசையக் கூடாது."
அவருக்கும் இதையே சொல்லியிருப்பார்கள்,
கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு.
நிலத்தில் இருந்து, கணுக்காலில் சாய்த்து
வாசித்துப் பழகிய பிடிலை
வெள்ளைக்காரன் போலத் தாடையில் இடுக்கச் சொல்லி,
அசையாதே, அசையாதே என்று.

அசைந்திருக்கிறார்.
இடது கை மோதிர விரல்
புகை மாதிரிக் கலங்கிக் கிடக்கிறது படத்தில்.
தந்தி இல்லாத கட்டையில்
என்ன கமகமோ, யாருக்கோ.
அந்தப் புகையின் மேலே
பையனின் ஐந்தாவது கோடு
வடிவாய், நேராய், ஒரு பாவமும் அறியாமல்.

பல் வந்தது. எனக்குக் காட்டினார்கள்.
அவ்வளவு வலிக்கு அது மிகச் சின்னது.

பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து
சந்தியாப்பிள்ளைக்கு முன்னால் நின்றேன்.
நாக்கு அந்தப் பள்ளத்துக்கே போய்ப் போய் வந்தது.
இருவருக்கும் வாய் மூடி இருந்தது.

மிஸ்ஸைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினேன்,
ஓம், ஐந்துதான் என்று.
"வருகிற ஐந்தாம் திகதியா, சரி"
என்று அட்டையில் எழுதினாள்.
இல்லை என்று சொல்ல
எனக்கு வாய் இல்லை.