என் வாயில் அவன் குரல்

முப்பத்தெட்டுப் படங்களில் நான் ஜெர்மன் அதிகாரி.
சாம்பல் சீருடை, கறுப்புக் கையுறை.
வெளிறிய இந்தக் கண்களே போதும் என்றார்கள் மாஸ்கோவில்.
லாத்வியாக்காரனுக்கு அந்நிய முகம், நல்லது.
நாக்குதான் சரியில்லையாம்,
நான் பேசும் ரஷ்யனில் கடற்காற்று அடிக்கிறதாம்.
ஆகவே நான் வாயசைப்பேன்.
லெனின்கிராதில் ஓர் இருட்டறையில்
ரோதியோன் ஸவேலியேவ் பேசுவான்.

பதினொரு முறை சுடப்பட்டேன்.
இரண்டு முறை பாலத்தோடு வெடித்தேன்.
ஒருமுறை பனியில் குதிரை என்மேல் சரிந்தது;
அது மட்டும் கதையில் இல்லாதது.
இடது முழங்கால் இன்றும்
வானொலிக்கு முன்பே மழை சொல்லும்.
ஆனால் அலறியதெல்லாம் அவன்.
இத்தனை சாவில்
ஓர் ஓலம்கூட என்னுடையதில்லை.

மின்ஸ்கில் படம் முடிந்து
விளக்கு போட்டு என்னை மேடைக்கு அழைத்தார்கள்.
முன்வரிசையில் ஒரு பெண்
கையில் பூங்கொத்தோடு எழுந்தாள்,
என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்,
பூவை நாற்காலியிலேயே வைத்துவிட்டு
வெளியே போனாள்.
அதைவிடப் பெரிய விருது எனக்கு வாய்க்கவில்லை.
அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

குளிர்காலம் என்றால் லியெபாயா, நாடகம்.
அங்கே என் தொண்டை என்னுடையது.
துறைமுகத்தில் சங்கு ஊதினால்
அரசனே ஆனாலும்
பாதி வசனத்தில் நின்று காத்திருக்க வேண்டும்.
மேடைக்குக் கீழே பெட்டிக்குள் மிர்த்ஸா,
விரல் விறைக்காமலிருக்க
மடியில் அவித்த உருளைக்கிழங்கு இரண்டு,
மறந்த வரியை எடுத்துக்கொடுக்கப் பிரதி ஒன்று.
ஒரு ஜனவரி இரவு நான் வரியை மறந்தேன்.
குனிந்து பார்த்தேன்,
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
ஊமை கண்ட கனவுபோல நின்றேன்.
யாரோ இருமினார்கள். பிறகு இருமவும் இல்லை.
மறுநாள் பத்திரிகையில்
'க்ரௌலிஸின் மகத்தான மௌனம்.'
அதற்குப் பிறகு தினமும் அந்த இடத்தில்
மறக்க மறக்காமல் இருக்கவேண்டியதாயிற்று.
மிர்த்ஸா சொல்வாள்,
உன் புகழில் பாதி என் தூக்கம்.
கிழங்கில் பாதி தருவாள்.

ரோதியோனை நான் பார்த்ததே இல்லை.
புத்தாண்டுக்கு அட்டை போடுவான்:
'இந்த வருஷம் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்,
எனக்கு ஆஸ்துமா.'
மெதுவாகப் பேசினேன்.
வில்லன் இப்போது கூடுதலாகப் பயமுறுத்துகிறான்
என்று இயக்குநர் தோளில் தட்டினார்.

போன செவ்வாய் தொலைபேசி.
நான் கபிதோலினா, ரோதியோனின் மனைவி,
நேற்று அடக்கம் முடிந்தது என்றாள்.
தெரிந்த ரஷ்யனில் ஆறுதல் சொன்னேன்.
மறுமுனையில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
'மன்னியுங்கள்,
தவறான எண்ணோ என்று நினைத்துவிட்டேன்.
உங்கள் குரல் இதுதானா?'
இதுதான் என்றேன்.
'உங்கள் படம் வந்தால்
நான் அடுப்படியில் இருந்தபடியே கேட்பேன்.
முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.
என் புருஷன் வேறொருத்தன் வாய்க்குள்
என்ன செய்கிறான் என்று எரிச்சலாக வரும்.'
சிரித்தாள். மூக்கைச் சிந்தினாள்.
சனிக்கிழமை பத்தரைக்கு
ஏதோ ஒரு சானலில் நான் வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை.
எண்பத்து நான்கு வயதில் கண்ணாடி மாட்டிக்கொண்டு
முப்பத்தாறு வயதுக்காரன் ரயில் நிலையத்தில்
கையுறையைக் கழற்றுவதைப் பார்த்தேன்.
இடது கையை முதலில் கழற்றியிருக்கக் கூடாது.
தொப்பியும் பெரிசு.
அவன் வாய் திறந்தான்,
நேற்றுமுன் வாரம் வரை மூச்சுவிட்ட ஒருவன்
அதட்டினான், கெஞ்சினான்,
பனிமேட்டில் குண்டுபட்டு
நீளமாக, ஆஸ்துமா வராத காலத்து நெஞ்சோடு
அலறினான்.

ஒலியைக் கூட்டினேன்.
பக்கத்து வீட்டு செந்தா
செருப்பால் சுவரைத் தட்டினாள்.
இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.