எண்பது கிராம்

கரகோல் சந்தை வாசலில்
பூட்டு ரிப்பேர்க்காரருக்கும் குளிர்ந்த நூடுல்ஸ் கடைக்கும் நடுவே
ஒரு மேஜை, ஒரு தராசு, நான்.
வாங்கியதை யாரும் இதில் வைத்துப் பார்க்கலாம்.
காசு கிடையாது.
குறைந்தால் கடைக்காரர் நிரப்பித் தர வேண்டும்.
கிர்கிஸிலும் ருஷ்யனிலும் பலகை இருக்கிறது.
இரண்டும் தெரியாதவர்களுக்காக
ஓர் ஆப்பிளும் ஒரு முள்ளும் வரைந்து வைத்தேன்.
ஆப்பிள் தக்காளி மாதிரி வந்துவிட்டது. பரவாயில்லை.

உள்ளூர்க்காரர்கள் இங்கே வருவதில்லை,
எந்தக் கடையில் எந்தக் கை என்று அவர்களுக்குத் தெரியும்.
வருகிறவர்கள் லாரி ஓட்டிகள்,
மலையேற வந்த போலந்துப் பிள்ளைகள்,
ஆஸ்பத்திரிக்கு வந்து வழி தவறியவர்கள்,
இன்னொரு முறை இந்தத் தெருவை மிதிக்கப் போகாதவர்கள்.
கேட்க ஆளில்லாதவர்கள்.
இந்த மேஜைதான் அவர்களுடைய ஆள்.

மேஜையின் இழுப்பறையில்
பறிமுதல் செய்த எடைக்கற்கள் கிடக்கின்றன.
அடியில் துளையிட்டு, இரும்பைச் சுரண்டி,
மெழுகடைத்துக் கரி பூசியவை.
ஒவ்வொன்றிலும் ஆண்டு எழுதிய காகிதம்.
தொண்ணூற்று மூன்றில் மட்டும் முப்பத்தெட்டு.
புதுப் பணம் பிறந்த வருஷம் அது.
காலையில் ரொட்டி வாங்கிய நோட்டுக்கு
மாலையில் தீப்பெட்டிதான் கிடைத்தது.
அந்த முப்பத்தெட்டில்
நீலப் பெயிண்ட் உதிர்ந்த ஒரு கிலோக் கல்
என்னுடையது.

எண்பது கிராம் குறைவு.
தெரிந்தவர்களுக்கு அதை எடுத்ததில்லை,
அவர்களுக்கு நல்ல கல் தனியாக இருந்தது.
வெளியூர் முகத்தைக் கண்டால்
கை தானாக நீலத்துக்குப் போகும்.
பிடிபட்ட அன்று
என்னிடம் உருளைக்கிழங்கு வாங்கியவள்
கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். கத்தவில்லை.
எண்பது கிராம் என்றால் எவ்வளவு, காட்டுங்கள் என்றாள்.
அதிகாரி ஒரு சின்னக் கிழங்கை எடுத்து
அவள் உள்ளங்கையில் வைத்தார்.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபராதம் கட்டப் பணமில்லை.
இரண்டு வருஷம் சந்தையைப் பெருக்கினேன்.
பிறகு இந்த நாற்காலி காலியானது.
கள்ளக்கல் தெரிந்தவள் இவள்தான் என்று
உட்கார வைத்துவிட்டார்கள்.

பதினொன்று. ஏழு. ஏழு. நான்கு.
நடுவில் ஒரு வருஷம் பத்தொன்பது, ஏனென்று தெரியவில்லை.
போன வருஷம் இரண்டு. அதில் ஒன்று வெறும் துரு.
"எஜே, திருடன் இப்போது மின்தராசுக்குள்
குடிபோய்விட்டான்" என்று சிரிக்கிறான் ஆப்பிள்கடை மெடெர்பெக்.
வாஸ்தவம். அங்கேயும் தேடிப் போகிறோம்.
பிஷ்கெக்கிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு வருகிறாள்,
என் மகளைவிடச் சின்னவள்,
ஒவ்வொரு தராசாகத் திறந்து பார்த்து முத்திரை வைக்கிறாள்.
மனிதர்கள் மாறிவிட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.
கிராம் கேளுங்கள், சொல்கிறேன்.

இன்று மதியம் பாமீர்ப் பக்கத்து லாரி ஓட்டி ஒருவன்
இரண்டு கிலோ ஆப்பிளைக் கொண்டுவந்து வைத்தான்.
பெயர் கேட்கவில்லை. தராசுக்குப் பெயர் எதற்கு?
முள் இரண்டைத் தாண்டி நாற்பதில் நின்றது.
அவன் முகம் சுருங்கியது.
கடைக்காரனுக்கு நாற்பது நஷ்டம் என்றான்
பாதி ருஷ்யனில், பாதி விரல்களில்.
ஓர் ஆப்பிளை வெளியே எடுத்தான்,
எண்பது குறைந்தது.
திரும்ப வைத்தான், நாற்பது கூடியது.
"கொசுறு! கொசுறு!" என்று மெடெர்பெக்
கடையிலிருந்தே கத்தினான்.
அவன் கேட்கவில்லை.
என் ரொட்டிக் கத்தியை வாங்கி
ஆப்பிளில் ஒரு கீற்று அரிந்தான்,
முள் இரண்டில் அசையாமல் நிற்கும்வரை
இன்னும் கொஞ்சம் அரிந்தான்.
மெடெர்பெக்கிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை.
லாரிக்கு நேரமாயிற்று.

துண்டுகள் என் மேஜையிலேயே தங்கிவிட்டன.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
நாற்பதுதான் இருக்கும்.
ஓரம் கறுக்கத் தொடங்குமுன் தின்றேன்.
வரிசையில் அடுத்தவர்
புகையிட்ட மீனை நீட்டிக்கொண்டிருந்தார்.