ஆறுக்கு ஐந்து

மசேரு, மூன்றாம் மாடி. ஹீட்டர் பழுது.
தட்டம்மைக்கு எந்தக் குப்பி என்று
பதினோரு பேரும் கோட்டைக் கழற்றாமலே பேசினார்கள்.

பத்து டோஸ் குப்பிதான் பாதி விலை என்றார் செகோபி.
நிதித்துறை ஆள் பேனாவை மூடிவிட்டார்.

லிமகாட்சோ, மலை ஆஸ்பத்திரி நர்ஸ்,
கை தூக்காமலே கேட்டாள்:
"வியாழக்கிழமை, பனி.
குதிரை மேல் ஒருத்தி, மடியில் ஒரே பிள்ளை.
குப்பியைத் திறந்தால் ஒன்பது டோஸ் குப்பைக்கு.
திறக்காவிட்டால்?
எட்டு மணி நேரம் வந்தவளிடம்
இன்னும் ஒன்பது பேரைக் கூட்டி வா என்பதா?"

விரய விகிதம் அட்டவணையில் இருந்தது.
யாரோ அதை மறுபடி வாசித்தார், மெதுவாக.

ஆறுக்கு ஐந்து. ஒற்றை டோஸ்.
அதற்குக் குளிர்பெட்டியில் இடமில்லை;
அது அடுத்த கூட்டம்.

குறிப்பு எழுதுவது நான்.
காரணம் என்ற கட்டத்தில்
"குதிரை" என்று எழுதி, அடித்து,
"சேவை அணுகல்" என்று போட்டேன்.