செல்லுபடியாகும் திகதி

மல்லாவிச் சந்தியில் பிரிண்டர் வைத்திருந்தவள்
நான் ஒருத்திதான்.
ஊரடங்கு நாளில்
பொலிஸ் ஜீப் மாங்குளம் பக்கம் போய்
புழுதி அடங்கினதும்
இரும்புக் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்குவேன்.
குனிந்து வருவார்கள்.

பிறேமலோஜினிக்கு வியாழக்கிழமை.
அடையாள அட்டையில் கடைசி இலக்கம் ஏழு;
ஏழும் எட்டும் வெளியே வரலாம் அன்றைக்கு.
உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்த கடவுச்சீட்டில்
பளபளவென்று விசா,
ஒரு பறப்பும் காணாமல்.
பங்குனியில் குத்தினது.
அடுத்த கிழமை விமான நிலையத்தைப் பூட்டினார்கள்.

"ஆனி பதினொண்டோட முடியுதக்கா.
அதுக்குள்ள திறந்திடுவாங்களோ?"
என்னிடம் கேட்டாள்.
நான் ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபா வாங்குகிற ஆள்.

ஆனி பன்னிரண்டும் வந்தது.
அவளும் வந்தாள்.
வெள்ளிக்கிழமை. இலக்கம் பார்க்க அப்போது
றோட்டில் ஒருவரும் இல்லை.

விசாவின் ஆயுள்
மருத்துவச் சோதனையின் ஆயுள்தான் என்று
மின்னஞ்சல் சொன்னது.
போன வருசம் கொழும்பில் எடுத்த எக்ஸ்றே.
ஒரு நெஞ்சு
பன்னிரண்டு மாதம்தான் செல்லுபடியாகும்.

அந்தப் படத்தை ஸ்கான் பண்ணினவள் நான்.
இடது விலாவுக்குப் பக்கத்தில்
குறுணல் அரிசி போல ஒரு வெள்ளை.
மாத்தளனில் உள்ளே வந்தது.
படிவம் நிரப்பவில்லை, கட்டணம் கட்டவில்லை,
பதினொரு வருசமாகத் தங்கியிருக்கிறது.

முதல் விண்ணப்பமும் இந்த மேசையில்தான்.
பத்து வருசத்து முகவரி கேட்டார்கள்,
இடையில் ஒரு மாதமும் விடக்கூடாதாம்.
ஆறு கோடு கீறியிருந்தது.
அந்த ஒரு தை மாதத்துக்கே
தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு,
பிறகு பெயர் தெரியாத ஒரு பனங்கூடல்.
வீட்டு இலக்கம்? என்றது கட்டம்.
தறப்பாளுக்கு இலக்கம் இல்லை.
தனித்தாள் இணைத்தோம். அதற்கும் பத்து ரூபா எடுத்தேன்,
இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆவணியில் புதுப் படிவம் ஒன்று.
எல்லை பூட்டியிருக்கும் காலத்தில்
உமது பயணம் எத்தகையது?
இரண்டு பெட்டி:
அத்தியாவசியம். விருப்பம்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கலியாணம் கட்டி மூன்று வருசம்,
அதில் சேர்ந்திருந்தது பதினெட்டு நாள்.
ஸ்காபரோவில் நிமலேஸ்வரன்
இரவு வேலை முடிந்து
முகக்கவசத்தோடேயே வீடியோவில் வருவான்.
கழட்டச் சொல்லி இவள் சண்டை பிடிப்பாள்.

"மனுசனிட்டப் போறது
விருப்பம்தானே அக்கா," என்றாள்.
மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது.
வெட்கம்கூட இருந்தது அதில்.

நான் அத்தியாவசியத்தில் அமத்தினேன்.
அவள் பார்க்கவில்லை.
அல்லது பார்த்தும் பேசாமல் இருந்தாள்.

புரட்டாதி. ஒன்றுமில்லை.
ஐப்பசியில் கம்பஹாவில் திரும்பவும் தொற்று.
கார்த்திகை மழையில் என் கூரை ஒழுகி
பிரிண்டருக்குச் சாக்குப் போட்டேன்.
மார்கழியில்
இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம் என்ற வரிக்கு மேலே
இன்னொரு வரி:
சோதனையை மறுபடி செய்க.

கொழும்புக்குப் போய்வர பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம்,
கிராம சேவகரிடம் ஒரு கையெழுத்து.
ஓமந்தையில் யாரோ ஒரு பெடியன்
துவக்குப் போல ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டினானாம்.
காய்ச்சல் பார்க்கத்தான்.
"தெரியும் அக்கா, தெரிஞ்சும்
கண்ணை மூடிட்டன்."

பெரிய கடித உறையை மேசையில் வைத்தாள்.
புதிய நெஞ்சு.

"அது நகர்ந்திருக்காம்.
பழைய படத்தோட வைச்சுப் பாத்திட்டு
டொக்டர் சொன்னவர்.
அரை அங்குலம்."

இரண்டு படத்தையும் ட்யூப் லைட்டுக்குப் பிடித்தோம்.
உண்மைதான்.
விமானம் எல்லாம் நின்ற வருசத்தில்
அது மட்டும் பயணம் போயிருக்கிறது.

நாலு கொப்பி எடுத்தாள்.
ஐம்பது ரூபாத் தாள் தந்தாள்.
இருக்கட்டும் என்றேன், கேட்கவில்லை.
கையை நீட்டியபடி நின்று
மிச்சப் பத்தை வாங்கிக்கொண்டு
குனிந்து போனாள்.
கதவு முழுதாகத் திறந்திருந்தது.