தொண்ணூறாம் அத்தியாயம்

பெட்டி ஒன்று. நிறை பதினொரு கிலோ.
குவாங்சோவிலிருந்து கப்பலேறி வந்து
ஒன்பது நாளாய்க் களஞ்சியத்தில் கிடந்தது,
மலிபன் வீதி ஹில்மி ஒப்டிகல்ஸின் பெயரில்.
பொருள் விபரம் என்ற கட்டத்தில்
'வில்லைகள், கலவை' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

சமரக்கோன் அதைச் சுற்றி வட்டமிட்டார்.
"கலவை என்று ஒரு வகை கிடையாது, மிஸ் தவமலர்.
வில்லை என்றால் என்ன? முதலில் அதைச் சொல்லும்."
சிங்களத்தில் கேட்டார்.
அவர் பாஷையில் அது காச.
என்னுடையதில் காசம் கண்ணை மூடும் நோய்.
இருவருக்கும் நடுவே மேசையில்
ஒரே கண்ணாடித் துண்டு,
அவருக்குக் காட்டவும் எனக்கு மறைக்கவும்.

பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தை இழுத்தெடுத்தேன்:
ஒளி ஊடே போகவேண்டும்,
போகும்போது வளையவேண்டும்.
இரண்டு முகத்தில் ஒன்றாவது
வில்லாய் வளைந்திருக்கவேண்டும்.
வில்லிலிருந்து வில்லை என்பது என் கைச்சரக்கு.
விழுங்கும் மாத்திரையும் வில்லைதான்,
பழைய கச்சேரிப் பியோனின் மார்பில் மின்னிய
பித்தளையும் வில்லைதான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
அதற்குள்ளும் ஒரு வில்லை.

"ஜன்னல் கண்ணாடி?"
"இரண்டு பக்கமும் தட்டை. ஒளி வந்தபடியே போய்விடும். சேராது."
"சரி. திறவும்."

நடு தடித்து ஓரம் மெலிந்தவை குவிவு:
பற்றுச்சீட்டை வாசிக்கக் கை எட்டும் மட்டும் நீட்டுகிறவர்களுக்கு.
ஓரம் தடித்து நடு மெலிந்தவை குழிவு:
நூற்றொன்றை நூறு என்று மறித்து
கொண்டக்டரிடம் ஏச்சு வாங்குகிறவர்களுக்கு.
ஒரு முகம் குவிந்து மறுமுகம் குழிந்தவற்றைப்
பிறை என்று எழுதினேன். ஹில்மி நானா சந்தோஷப்படுவார்.
உருளை வில்லையை எதில் சேர்ப்பதென்று தெரியாமல்
விரலிடுக்கில் சுழற்றிப் பார்த்தேன்.
சுழற்றச் சுழற்ற சமரக்கோனின் மீசை
நீண்டது, ஒடுங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது.
அவர் சிரிக்கவேயில்லை.

சுங்கப் புத்தகத்துக்கு வளைவெல்லாம் ஒரு பொருட்டா?
அது கேட்பது வேறு.
கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?
சட்டத்தில் பூட்டியதா, சும்மா கிடப்பதா?
மூக்கில் ஏறுமா, விழியில் ஒட்டுமா, கமராவுக்குள் நுழையுமா?
பதிலுக்கு ஒரு எண். எண்ணுக்கு ஒரு வரி.

அடியில், பஞ்சுக்குள், இருபது சின்னப் பொதிகள்,
கிருமி நீக்கி ஒட்டியவை.
ஒவ்வொன்றிலும் பொட்டளவு வில்லை,
இருபுறமும் தும்பிக் கால் மாதிரி ஒரு வளைகம்பி.
காசம் எடுத்த கண்ணுக்குள் வைப்பவை.
இதுவும் வில்லைதானே என்று
முதல் வரிசையிலேயே எழுதப் போனேன்.
சமரக்கோன் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.
அதே அத்தியாயம், இருபது தலைப்புத் தள்ளி:
பொய்ப்பல், பொய் மூட்டு, உடலின் செயற்கை உறுப்புகள்.
வெளியே எத்தனை வருஷம் மூக்கில் தொங்கினாலும் அது வில்லை.
உள்ளே போய்விட்டால் அது ஆள்.

வலது கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றினார்.
"போன மாசம் எனக்கும் ஒன்று வைத்தார்கள்.
எந்த எண்ணில் வந்ததென்று பார்க்கத் தோன்றவில்லை."
பிறகு கையெழுத்து வைத்தார், கட்டத்துக்கு வெளியே.

ஐந்தேகாலுக்குக் கோட்டையில் மழை.
நூறாம் இலக்கத்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
கண்ணாடியில் துளிகள்,
ஒரு முகம் தட்டை, ஒரு முகம் குவிவு.
சட்டமும் இல்லை, பொதியும் இல்லை,
வரி இறுக்க ஆளும் இல்லை.
துளிக்குத் துளி காலிமுகத்திடல்
தலைகீழாய்: கடல் மேலே,
துறைமுக நகரத்துக் கிரேன்கள்
வானத்துக்குள் மூக்கை விட்டுத் தொங்கின.
மெய்விம்பம் தலைகீழாய்த்தான் விழும்,
நேராய் நிற்பது மாய விம்பம் என்று
பரீட்சைக்காகப் பாடமாக்கியது.

கொண்டக்டர் வந்தான்.
வெள்ளவத்தை என்றேன்.
மீதி பத்து ரூபாய் தரவில்லை.