பதினொரு வசனம்

திங்கள் காலை ஒன்பது மணிக்கு
ஸ்டெய்ன்வோரைக் கொல்லத் தொடங்குவேன்.
டிரோம்சோவில் டிசம்பர் முதல் வாரம்.
போன சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
ஜன்னலுக்கு வெளியே நீலம், அதற்குமேல் கறுப்பு,
துறைமுகத்தில் ஒரு மீன்படகின் ஒற்றை விளக்கு.

என் வேலை இதுதான்:
விற்பனைக்கு வருமுன் விளையாட்டை உடைத்துப் பார்ப்பது.
நாயகனைச் சுவரில் முட்டவிட்டேன்.
ஓநாயைக் கடல்மேல் நடக்கவைத்தேன்.
இடிதேவனின் ஆடு ஒன்று
வானத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் மேய்ந்தது.
இப்போது பாலம்.

மூன்றாம் அத்தியாயம். உறைந்த ஆறு.
ராட்சதர்கள் வருகிறார்கள், நாயகன் தப்ப வேண்டும்.
கேடயத்தை ஊன்றி நிற்கிறாள் ஸ்டெய்ன்வோர்.
"நீ போ. இந்தப் பலகைகள் எனக்குப் பழக்கம்."
அவ்வளவுதான். ஈட்டி. விழுகிறாள்.
நாயகன் திரும்பிப் பார்ப்பதில்லை;
கழுத்தைத் திருப்பும் அசைவுக்குப் பணம் ஒதுக்கவில்லை.

அவனுக்கு நாலாயிரம் வசனம். இவளுக்குப் பதினொன்று.
ஹாமர்ஃபெஸ்டிலிருந்து ஒரு நடிகை
சளியோடு வந்து ஒரே மதியத்தில் பேசிவிட்டுப் போனாள்.
ஏழாவது வசனம், முகாமில், தீயருகே:
"கொஞ்சம் தள்ளி உட்கார்" (நடுவில் ஓர் இருமல்)
"நெருப்பு எனக்கும் வேண்டும்."
வெட்டியிருக்கலாம். யாரோ விட்டுவிட்டார்கள்.
இப்போது அது ஸ்டெய்ன்வோரின் இருமல்,
எந்தக் குளிர்காலத்திலிருந்தோ அவள் சுமந்துவந்தது.

பழங்கதையில் ஒரு மண்டபம் உண்டு.
மாண்ட வீரர்கள் பகலெல்லாம் வெட்டிக்கொண்டு சாவார்கள்,
மாலையில் எழுந்து ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள்.
தின்று தீர்த்த பன்றி மறுநாள் முழுசாக நிற்கும்.
எங்கள் மண்டபத்தில் பன்றி இல்லை.
வியாழன்தோறும் மீன் சூப்,
அதுவும் பன்னிரண்டரைக்குள் போனால்.
நான் சாப்பிட்டுத் திரும்பும்வரை
பாலத்தில் கிடப்பாள்.
ஒரு பொத்தான். எழுவாள்.
தோள்பனியைத் தட்டிவிட்டுக்கொள்வாள்,
யாரும் அவளைக் கொல்லாததுபோல.

நூற்றுப் பன்னிரண்டாவது சாவில்தான் கண்டேன்.
காமிராவைச் சும்மா சுற்றியபோது:
ஈட்டி நெஞ்சில் பாய்கிறது,
காயம் முதுகில் திறக்கிறது.
நெஞ்சில் ஒரு கீறலும் இல்லை, கவசம் புதுசாக மின்னுகிறது.
கிடப்பவளைப் பார்ப்பவன் என்ன நினைப்பான்?
ஓடினாள் என்று.

பிழைச்சீட்டு எழுதினேன்.
கௌதே பதில் போட்டான்: "முக்கியத்துவம் குறைவு.
ஆட்டக்காரன் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருப்பான்.
யாரும் பார்க்கப்போவதில்லை."
மூடினான். திறந்தேன்.
மூடினான்.
ஆறு படங்கள் இணைத்துத் திறந்தேன்.
மறுபடி மூடாமல் என் மேசைக்கே வந்தான்,
கையில் ஆறிய காப்பி, தூக்கமில்லாத கண்.
"எய்டிஸ், ஓநாய் இன்னும் கடல்மேல் நடக்கிறது" என்றான்.
நடக்கட்டும் என்றேன்.

என்ன வாதம் வைத்தாய் என்று கேட்காதீர்கள்.
அவளுக்கு முதுகென்பதே ஒரு பூச்சுதான்.
உள்ளே எலும்பில்லை,
செய்தி கொண்டுபோக ஒரு வீடில்லை.
ஆனாலும் நின்றவள் நின்றாள்.
நூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்தவள் நான்,
ஒருமுறைகூடப் பாதம் பின்னால் போகவில்லை.
விழுப்புண் பட்டவளுக்குப்
புறப்புண் எழுதிவைப்பது
எந்த ஊர்க் கணக்கு?

வெள்ளி இரவு, எல்லோரும் போனபின்
கௌதே அவனே உட்கார்ந்து மாற்றியிருக்கிறான்.
ஒரே ஒரு குறி. கழித்தல், கூட்டலானது.
சீட்டில் இரண்டே சொல்: "சரி. முன்பக்கம்."

திங்கள். ஒன்பது மணி.
சரிபார்க்க வேண்டும்; அதற்கு அவள் சாக வேண்டும்.
"நீ போ. இந்தப் பலகைகள் எனக்குப் பழக்கம்."
போகவில்லை.
நாயகனை அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
இதற்கு விளையாட்டில் யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை.
திகைத்தது. கையில் இருந்த பதினொன்றில்
ஏதோ ஒன்றை எடுத்து நீட்டியது.
ராட்சதர்கள் பாலத்தின் மறுமுனையில் கால்வைக்க,
கேடயத்தை இறக்காமலே
"கொஞ்சம் தள்ளி உட்கார்" என்கிறாள்,
இருமுகிறாள்.